அறுபது நிறையும் ஆண்டில் கினபாலு ஏறலாமா?

நவம்பரில் உங்களுக்கு அறுபது நிறைகிறது என்றும், இருபத்தேழு ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் வாழ்கிறீர்கள் என்றும், உறவினர்கள் திருக்கடையூரில் மணிவிழா நடத்த வேண்டும் என்கிறார்கள், பிள்ளைகளோ சமூக மன்றத்தில் இடம் எடுத்து விருந்து வைக்கலாம் என்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் ஆசை வேறாக இருக்கிறது. பிறந்தநாளன்று சூரியன் எழும்போது, மலேசியாவின் சாபா மாநிலத்திலுள்ள கினபாலு மலையின் உச்சியில், மனைவி மக்களோடு நிற்க வேண்டும். இந்த வயதில் அது இயலுமா, இயலுமென்றால் எப்படித் தயாராவது என்பதே உங்கள் கேள்வி.

இயலும். அறுபதைக் கடந்தவர்கள் பலர் அம்மலையில் ஏறி இறங்குகிறார்கள். உடல்நலம் இடங்கொடுத்து, நான்கு மாதங்கள் ஒழுங்காகப் பயிற்சி செய்தால், கயிற்றில் தொங்கும் வித்தை எதுவும் தெரியாத ஒருவர் தம் கால்களாலேயே எட்டக்கூடிய உச்சி அது. ஆனால் பிறந்தநாள் என்ற தேதி, உச்சி என்ற இடம் ஆகிய இரண்டையும் நீங்கள் ஒரே முடிச்சில் கட்டியிருக்கிறீர்கள். பயிற்சியைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த முடிச்சை அவிழ்த்துவிடச் சொல்வேன்.

இதைச் சொல்வதற்கு எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. என் ஐம்பதாவது பிறந்தநாள் டிசம்பரில் வந்தது. அன்றுதான் உச்சியில் நிற்க வேண்டும் என்று பிடிவாதமாக நாள் குறித்தேன். மகன் பெரிய எழுத்தில் ‘50’ என்று அச்சிட்ட துணிப்பதாகை ஒன்றைப் பையில் மடித்து வைத்திருந்தான். நள்ளிரவிலேயே எனக்குத் தலைவலி தொடங்கிவிட்டது. வேறு எந்த நாளாக இருந்தாலும் வழிகாட்டியிடம் உடனே சொல்லியிருப்பேன். அன்று பிறந்தநாள் என்பதால் மறைத்தேன். 3,668 மீட்டர் உயரத்திலுள்ள சாயாட் சாயாட் சோதனைச் சாவடியை அடைந்தபோது இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தேன். வழிகாட்டி எதுவும் பேசாமல், ஒரு காலின் குதிகாலை மற்றொரு காலின் விரல்களை ஒட்டி வைத்து ஒரே கோட்டில் பத்தடி நடந்து காட்டச் சொன்னார். நான்காவது அடியில் தடுமாறினேன். அங்கிருந்தே இறக்கிவிட்டார். மகனும் என்னோடு இறங்கினான்; பதாகை பையைவிட்டு வெளியே வரவே இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, யாருடைய பிறந்தநாளும் இல்லாத ஒரு மார்ச் மாதத்தில், எந்தச் சிக்கலும் இல்லாமல் ஏறி இறங்கினேன்.

ஆகவே முதலில் தேதியைப் பற்றிச் சொல்கிறேன். கினபாலுவில் ஆண்டு முழுவதும் மழை உண்டு. ஒப்புநோக்கில் மழை குறைந்த காலம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. உங்கள் பிறந்தநாள் விழும் நவம்பர், மழை மிகுந்த மாதங்களுள் ஒன்று. மேல்பகுதி முழுவதும் மொட்டைக் கருங்கல் பாறை என்பதால், பலத்த மழை பெய்தால் அதன்மேல் நீர் ஓடை ஓடையாக வழியும். அப்போது உச்சிக்குச் செல்லும் பாதையை மூடிவிடுவார்கள். எவ்வளவு கெஞ்சினாலும் திறக்க மாட்டார்கள், திறக்கவும் கூடாது.

நட்சத்திரப் பிறந்தநாள் ஒன்று, ஆங்கிலத் தேதிப் பிறந்தநாள் ஒன்று என ஏற்கெனவே இரண்டு நாள் வைத்திருக்கும் நமக்கு மலைக்கென்று மூன்றாவது ஒரு நாளைச் சேர்த்துக்கொள்வதில் சங்கடம் இருக்காது. இதில் உங்களுக்கு ஒரு வசதியும் இருக்கிறது. நீங்கள் பிறந்தது 1966 நவம்பர் என்றால், அது பராபவ ஆண்டு. அறுபது ஆண்டுச் சுழற்சி முடிந்து அதே பராபவ ஆண்டு 2026 ஏப்ரலில் தொடங்குகிறது, 2027 ஏப்ரல் நடுப்பகுதிவரை நீடிக்கிறது. மணிவிழாவின் பொருளே பிறந்த ஆண்டு திரும்பி வருகிறது என்பதுதான். ஆகவே ஐப்பசியிலோ கார்த்திகையிலோ உறவினர் விருப்பப்படி மணிவிழாவை நடத்திக்கொண்டு, 2027 மார்ச் மாதத்தில் மலைக்குச் சென்றீர்களானால், நீங்கள் பிறந்த ஆண்டுக்குள்ளேயே, மழை குறைந்த பருவத்தில் ஏறியிருப்பீர்கள். திருக்கடையூரா கினபாலுவா என்ற வழக்கும் வீட்டில் எழாது.

இனி மலையைப் பற்றி. கினபாலுவின் உயரம் 4,095 மீட்டர். நடை தொடங்கும் திம்போஹோன் வாயில் 1,866 மீட்டரில் இருக்கிறது. முதல் நாள் அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் ஏறி, 3,272 மீட்டரிலுள்ள பானலாபான் தங்குமிடத்தை அடைய வேண்டும். அங்குள்ள பெரிய விடுதியின் பெயரால் லாபான் ராத்தா என்றே பலரும் அவ்விடத்தைச் சொல்வார்கள். மாலையிலேயே சாப்பிட்டுப் படுத்து, நள்ளிரவு கடந்து இரண்டு மணி அளவில் எழுந்து, நெற்றி விளக்கு வெளிச்சத்தில் மேலும் 2.7 கிலோமீட்டர் ஏறினால் உச்சி. அதே நாளில் முழு மலையையும் இறங்கி வாயிலுக்குத் திரும்புவது வழக்கம். ஏறும் வழி மொத்தம் ஒன்பது கிலோமீட்டருக்கும் குறைவு என்று தூரத்தை மட்டும் பார்த்து எளிதாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றி அதைவிட அதிகமாக நடக்கிறோமே என்பார்கள். தூரத்தை மறந்துவிட்டு உயரத்தைக் கணக்கிடுங்கள்: முதல் நாள் 1,406 மீட்டர் ஏற்றம், இரண்டாம் நாள் 823 மீட்டர் ஏற்றம், பிறகு தொடர்ச்சியாக 2,229 மீட்டர் இறக்கம். சிங்கப்பூரின் மிக உயர்ந்த இடமான புக்கிட் தீமா குன்று கடல்மட்டத்திலிருந்து அளந்தாலும் 163 மீட்டர்தான்.

பாதை மாறி மாறி வரும். முதல் நான்கு கிலோமீட்டர் பாசி படர்ந்த மழைக்காடு; மரத்தாலும் கல்லாலும் ஆன படிகள், எதுவும் அடுத்ததன் உயரத்தில் இருக்காது. ஏறத்தாழ 2,700 மீட்டரிலுள்ள லாயாங் லாயாங்கைத் தாண்டியபின் மண் செம்மஞ்சளாக மாறி, மரங்கள் இடுப்பளவுக்குக் குறுகிவிடும். குடுவைச் செடிகள் கண்ணில் படும் இடம் அதுதான், அவற்றைத் தொடாமல் பார்த்துவிட்டு நகருங்கள். பானலாபானுக்கு மேலே கொஞ்ச தூரம் மரப்படிகள், அதன்பின் வெறும் பாறை. செங்குத்தான இடங்களில் தடித்த வெள்ளைக் கயிறு கட்டியிருப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு பாறையில் பாதத்தை முழுதாகப் பதித்து நடக்க வேண்டும். காற்று வீசும் அதிகாலையில் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். கையுறை இல்லாதவர்களின் விரல்கள் கயிற்றைப் பிடித்திருக்கிறோமா விட்டுவிட்டோமா என்பதையே உணராத அளவுக்கு மரத்துப்போகும். சிங்கப்பூர்க் கடைகளில் கிடைக்கும் மெல்லிய பின்னல் கையுறை நனைந்தால் பயனில்லை. நீர்புகாத கையுறை வாங்குங்கள்.

உங்கள் கடிதத்தில் பயிற்சியைப் பற்றி நிறைய இருந்தது, உயரத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. என் அச்சம் அதில்தான். உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். சிங்கப்பூர்வாசிகளாகிய நாம் கடல்மட்டத்திலேயே வாழ்பவர்கள். காலையில் சாபாவின் தலைநகரான கோத்தா கினபாலுவின் கடற்கரையில் இருந்துவிட்டு அன்று இரவே 3,272 மீட்டரில் உறங்குவது உடலுக்குத் திடீர் அதிர்ச்சி. உடற்தகுதி இதைத் தடுக்காது. மாரத்தான் ஓடும் இளைஞர் அங்கே சுருண்டு படுப்பதும், பருத்த உடலோடு மெதுவாக நடப்பவர் சிரித்துக்கொண்டே ஏறுவதும் அன்றாடக் காட்சிகள்.

செய்யக்கூடியவை சில உண்டு. ஏறும் நாளுக்கு முந்தைய இரவை, இயன்றால் இரண்டு இரவுகளை, மலையடிவார ஊரான குண்டாசாங்கிலோ 1,500 மீட்டருக்குச் சற்று மேலே உள்ள கினபாலு பூங்காத் தலைமையகத்திலோ கழியுங்கள். கோத்தா கினபாலுவிலிருந்து சாலை வழியாக ஏறத்தாழ இரண்டு மணி நேரம்தான். ஆனால் அங்கே உறங்கும் இரவு உடலுக்கு ஒரு படியாக அமைகிறது. மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தைத் தாண்டாதீர்கள். உயர நோயைத் தடுக்க அசெட்டசோலமைட் என்ற மாத்திரை உண்டு. உங்கள் மற்ற மருந்துகளையும் ஒவ்வாமைகளையும் அறிந்த மருத்துவர்தான் அதை முடிவு செய்ய வேண்டும், நண்பரிடம் மிச்சமிருந்ததை வாங்கிப் போட்டுக்கொள்வது கூடாது. தலைவலி, குமட்டல், பசியின்மை ஆகியவை வந்தால் மேலே ஏறுவதை நிறுத்துங்கள். தள்ளாட்டமோ குழப்பமோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறலோ வந்தால் உடனே இறங்கியாக வேண்டும். இறங்குவதைத் தள்ளிப்போட எந்த மாத்திரையும் காரணமாகாது.

மருத்துவரைப் பற்றிச் சொன்னதால் இதையும் சேர்க்கிறேன். தெற்காசியர்களுக்கு இதயநாள நோய் வருவதற்கான வாய்ப்பு மற்றப் பல இனத்தவரைவிட அதிகம் என்பது நன்கு நிறுவப்பட்டது. உங்களுக்கு இரத்த அழுத்தத்துக்கு மருந்து நடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நாள் குறிப்பதற்கு முன்பே மருத்துவரிடம் சென்று, 4,000 மீட்டர் ஏறப்போகிறேன் என்று தெளிவாகச் சொல்லி, ஓடுபொறிச் சோதனை தேவையா என்று கேளுங்கள். ‘கொஞ்சம் நடைப்பயணம்’ என்று அடக்கமாகச் சொல்லாதீர்கள்; அவரும் அதற்கேற்பத் தலையாட்டிவிடுவார்.

பயிற்சிக்குச் சிங்கப்பூர் மோசமான இடமில்லை. உங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியே போதும். இருபத்தைந்து மாடிக் கட்டடத்தில் அடியிலிருந்து உச்சி மாடிவரை ஏறினால் ஏறத்தாழ எழுபது மீட்டர். முதல் நாள் ஏற்றம் அப்படி இருபது முறை ஏறுவதற்குச் சமம். வாரத்தில் மூன்று நாள் என்று வைத்துக்கொண்டு, மூன்று முறையில் தொடங்கி, நான்காவது மாதத்தில் ஆறு கிலோ பையோடு பன்னிரண்டு முறைக்கு வந்துவிட்டால் நல்ல நிலை. நம்மவர்கள் செய்யும் தவறு, படியில் ஏறிவிட்டு மின்தூக்கியில் இறங்குவது. முழங்கால் வலிக்கும் என்று மின்தூக்கியைத் தேடுவது இயல்புதான். ஆனால் கினபாலுவில் மின்தூக்கி இல்லை. ஏறும்போது திணறுவது நுரையீரல். இறங்கும்போது உடைவது தொடைத்தசை. இறங்கிப் பழகாத தொடைகள் 2,229 மீட்டர் இறக்கத்தில் நடுங்கத் தொடங்கும். அதன்பின் அடுத்த மூன்று நாட்களுக்குக் கழிவறையில் உட்கார்ந்து எழுவதே ஒரு மலையேற்றமாகிவிடும். முதல் மாதம் பாதி மாடிகளையாவது நடந்து இறங்குங்கள், பிறகு முழுவதும். ஊன்றுகோல் இரண்டு வாங்கி, அவற்றோடு இறங்கப் பழகுங்கள். கால்விரல் நகங்களைப் பயணத்துக்கு முன் ஒட்ட வெட்டுங்கள். இறக்கத்தில் விரல்கள் காலணியின் முனையில் மோதி மோதி நகம் கறுத்து விழுந்தவர்கள் ஏராளம்.

பத்துமலையின் 272 படிகளை ஆண்டுதோறும் ஏறுகிறேனே என்ற உங்கள் வாதத்தைப் படித்துச் சிரித்தேன். அது பக்திக்குச் சான்று, பயிற்சிக்குச் சான்றில்லை. மூன்றாம் மாத முடிவில் ஜொகூரிலுள்ள லேடாங் மலைக்கு ஒருமுறை குடும்பத்தோடு போய் வாருங்கள். 1,276 மீட்டர் உயரமுள்ள அம்மலையில் ஒரே நாளில் ஏறி இறங்கிவிட்டு, மறுநாள் காலை இயல்பாக வேலைக்குப் போக முடிந்தால், கினபாலுவுக்கு உங்கள் கால்கள் தயார். முடியாவிட்டால் இன்னும் ஆறு வாரம் பயிற்சி தேவை என்று பொருள்.

ஏற்பாடுகளை விரைந்து சொல்லிவிடுகிறேன். நாள்தோறும் ஏற அனுமதிக்கப்படுவோர் எண்ணிக்கை பானலாபானிலுள்ள படுக்கைகளின் எண்ணிக்கையோடு கட்டுப்பட்டது. ஆகவே ஐந்தாறு மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும், மார்ச் பள்ளி விடுமுறை வாரம் இன்னும் முன்னதாகவே நிரம்பிவிடும். வழிகாட்டி இல்லாமல் ஏற முடியாது. ஒரு வழிகாட்டி ஐந்து பேர்வரை அழைத்துச் செல்வார் என்பதால், உங்கள் நால்வருக்கும் விதிப்படி ஒருவர் போதும். நான் இருவரை அமர்த்தச் சொல்வேன். இரவு மூன்று மணிக்குப் பாறையின் நடுவே உங்களில் ஒருவருக்கு முடியாமல் போனால், ஒரே வழிகாட்டி என்றால் நால்வரும் இறங்க நேரும், அல்லது முடியாதவர் மற்றவர்களுக்காகத் தன் நிலையை மறைப்பார். இரண்டாமவருக்கான செலவு, அந்த மறைத்தலுக்கான காரணத்தையே நீக்கிவிடுகிறது. பயணக் காப்பீட்டின் சிறிய எழுத்துகளையும் படியுங்கள்; சில காப்பீடுகள் 3,000 மீட்டரோடும், சில 4,000 மீட்டரோடும் நின்றுவிடுகின்றன. கினபாலு இரண்டையும் தாண்டுகிறது. அறுபது வயதுக்குமேல் வேறு நிபந்தனைகள் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

காலணி பற்றி ஒரு சொல். உங்களைக் கடந்து சுமையோடு துள்ளி ஏறும் சுமைதூக்கிகள் பலர் ‘அடிடாஸ் கம்போங்’ என்று விளையாட்டாக அழைக்கப்படும் மலிவான கறுப்பு ரப்பர் காலணியை அணிந்திருப்பார்கள். ஈரப்பாறையில் அதன் பிடி அருமையானது. அதைப் பார்த்து ஆசைப்பட்டுக் கடைசி நேரத்தில் ஒரு சோடி வாங்காதீர்கள். அவர்களுடைய பாதங்கள் அதிலேயே வளர்ந்தவை. நீங்கள் நான்கு மாதம் படியேறிய காலணியே உங்களுக்கானது.

உங்கள் மனைவிக்கு முழங்கால் வலி என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, அடுத்த வரியில் நால்வரும் உச்சியில் நிற்பதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். மணிவிழா தம்பதியருக்கான விழா. அறுபது உங்களுக்கு நிறைந்தாலும் மாலையும் தாலியும் இருவருக்கும் நடுவில்தான். அவர் வலியோடு ஏறி, இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் கண்ணீர் விட்டால் அது யாருக்கான கொண்டாட்டம்? அவரிடம் நேராகக் கேளுங்கள். வர விரும்பவில்லை என்றால், பூங்காத் தலைமையகத்தைச் சுற்றியுள்ள காட்டுப் பாதைகளும் தாவரத் தோட்டமும் இரண்டு நாட்களுக்குப் போதும். ஆயிரக்கணக்கான தாவர இனங்களுக்காகவே 2000ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. கேக் வெட்டுவதை உச்சியில் வைக்காமல், இறங்கிய நாளின் இரவில் குண்டாசாங்கில் வையுங்கள். நால்வரும் ஒன்றாக இருக்கும் இடம் அதுதான். யார் எதுவரை ஏறினார்கள் என்பது அங்கே பேச்சுப்பொருளாக இருக்கலாமே தவிர, விழா நடப்பதற்கான நிபந்தனையாக இருக்காது.

உச்சியை எட்டாமல் போனால் என்ன செய்வது என்ற கவலை இன்னும் இருந்தால், அந்த உச்சியின் பெயர்க்கதையைக் கேளுங்கள். 1851இல் ஹியூ லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி இம்மலையின் மேற்பாறைவெளியை எட்டினார். எதிரே நின்ற மிக உயர்ந்த முனையைப் பார்த்து, சிறகுள்ளவற்றைத் தவிர வேறெதுவும் அங்கே போக முடியாது என்று முடிவு செய்து திரும்பிவிட்டார். அம்முனையை 1888இல் எட்டியவர் ஜான் வைட்ஹெட் என்னும் இயற்கை ஆய்வாளர். ஆயினும் இன்றுவரை அதற்கு லோ உச்சி என்றுதான் பெயர்.

பிள்ளைகளிடம் ஒன்று சொல்லிவையுங்கள். சாபாவின் பூர்வகுடிகளான கடசான்டுசுன் மக்களுக்கு இம்மலை முன்னோரின் ஆவிகள் தங்கும் புனித இடம். உச்சியில் கூச்சலும் பாட்டுப்பெட்டியும் வேண்டாம். 2015 ஜூன் 5 அன்று நிகழ்ந்த நிலநடுக்கத்தில், சிங்கப்பூரிலிருந்து பள்ளிப் பயணமாக வந்திருந்த தொடக்கப்பள்ளி மாணவர்களும் ஆசிரியர்களும், அவர்களைக் காக்க முயன்ற மலை வழிகாட்டிகளும் உட்பட 18 பேர் இங்கே உயிரிழந்தார்கள். சிங்கப்பூர் முழுவதும் ஜூன் 8ஐ நினைவு நாளாகக் கடைப்பிடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். இன்று நாம் நடக்கும் மேல்பாதை அதற்குப் பின் புதிதாக அமைக்கப்பட்டது. உங்கள் வழிகாட்டி அந்நாளில் மலையில் இருந்தவராகவோ, அன்று நண்பரை இழந்தவராகவோ இருக்கக்கூடும். அவராகச் சொன்னால் கேளுங்கள், நீங்களாகத் துருவாதீர்கள்.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை; சைவம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். வழியில் கடிக்கக் கடலை மிட்டாயும் பேரீச்சையும் எடுத்துச் செல்லுங்கள். நான் முதல் முறை அடைத்த பொட்டலத்தில் முறுக்கு கொண்டுபோனேன். கீழே தட்டையாக இருந்த பொட்டலம் பானலாபானில் பலூனாக உப்பி நின்றது. உயரத்தின் காற்றழுத்தத்தைப் பிள்ளைகளுக்கு விளக்க அதைவிட நல்ல கருவி கிடைக்காது. ஆனால் திறக்கும்போது பட்டென்று வெடித்து, பக்கத்துப் படுக்கையில் உறங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பிவிட்டது. வெளியே சென்று திறவுங்கள்.

கடைசியாகத் திம்போஹோன் வாயிலைப் பற்றி. நடை தொடங்கியதும் பாதை முதலில் கொஞ்சம் கீழே இறங்கி, கார்சன் அருவியைத் தாண்டி, அதன்பின்தான் ஏறத் தொடங்கும். போகும்போது அந்தப் படிகளை யாரும் கவனிப்பதில்லை. மறுநாள் பிற்பகலில் எல்லாம் முடிந்தது என்று எண்ணும் நேரத்தில் அதே படிகள் ஏற்றமாக எதிரே நிற்கும். அதற்கென்று ஒரு கடலை மிட்டாயை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். அன்று இரவுக்கே சிங்கப்பூர் விமானத்தில் இடம் போட்டுவிடாதீர்கள். போரிங் வெந்நீர் ஊற்று அங்கிருந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர்தான். மறுநாள் காலை உங்கள் மனைவியோடு அங்கே போய், கால்களை நீரில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.